கொரோனா காலத்தில் பள்ளிகளை அவ்வளவு நாள் மூடி வைத்திருக்கத்தான் வேண்டுமா?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. 2020 மார்ச்சில் அவர் மகன் யு.கே.ஜி. முடிக்கப் போகிற நேரம். 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனான், அரசு நடுநிலைப் பள்ளியில். பாடத்தை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான், வகுத்தல் கணக்கு வந்தால் நோட்டை மூடிவிடுகிறான். "அந்த ரெண்டு வருஷம் பள்ளிக்கூடத்தைத் திறங்கன்னு எத்தனையோ பேரிடம் சொன்னோம். பிள்ளை உயிரை விடப் படிப்பு பெரிசான்னு சொந்தக்காரர்களே கேட்டார்கள். எங்கள் கோபம் தப்பா? அவ்வளவு நாள் மூடியது சரிதானா? இனி இவனுக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை. அந்த இரண்டு வருடமும் பூட்டிய வகுப்பறையையும் பிள்ளைகளின் வீடுகளையும் மாறி மாறிப் பார்த்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் கோபம் தப்பே இல்லை. பள்ளிகளை மூடிய முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். குறை, திறந்த வரிசையில் இருக்கிறது. முதலில் திறந்திருக்க வேண்டிய சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளைக் கடைசியில் திறந்தோம். உங்கள் மகன் சரியாக அந்தக் கடைசி வரிசையில் நின்றவன்.

முதலில் மூடியதைப் பார்ப்போம். 2020 மார்ச் நடுவில் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வைரஸைப் பற்றி யாருக்கும் பெரிதாக எதுவும் தெரியாது. சாதாரண ஃப்ளூ காய்ச்சல் பரவும்போது பிள்ளைகள்தான் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்பது மருத்துவர்களின் பழைய அனுபவம். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததில் தவறில்லை. நம் வீடுகளில் பேரனும் பாட்டியும் ஒரே பாயில் படுப்பவர்கள். வகுப்பறைகளோ நெரிசலானவை. அப்புறம் 2021 மே மாதம். மே 21 அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 36,000 பேருக்கு மேல் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றன. அந்த வாரங்களில் பள்ளியைத் திறந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களோடு வேலை பார்த்த ஆசிரியர்களையும் அப்போது இழந்தோம்.

ஆனால் அந்த இரண்டு உச்சங்களுக்கு நடுவிலும் பிறகும் இருந்த மாதங்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதல் அலை 2020 ஜூலை கடைசியில் நாளுக்கு ஏழாயிரத்தை நெருங்கியது. அடுத்த பிப்ரவரியில் அதே எண்ணிக்கை ஐந்நூறுக்கும் கீழே வந்துவிட்டது. சினிமா தியேட்டர்கள் 2020 நவம்பர் 10-ஆம் தேதியே பாதி இருக்கைகளோடு திறந்தாயிற்று. டாஸ்மாக் அதற்கும் வெகு முன்னால், மே மாதத்திலேயே. பள்ளிகளில் பத்தும் பன்னிரண்டும் 2021 ஜனவரி 19-இல் வந்தன, ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரி 8-இல். ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் ஒரு நாள்கூட இல்லை. மார்ச் 22-இல் ஒன்பது முதல் பதினொன்று வரை மறுபடியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏப்ரல் 6-இல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது, பெரும்பாலும் பள்ளிக் கட்டடங்களிலேயே. பிள்ளைகள் வரக்கூடாத வகுப்பறையில் ஊரே வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனது.

இரண்டாவது வாய்ப்பு 2021 ஜூலைக்குப் பிறகு வந்தது. தொற்று வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜூலை 20-ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, நாடு தழுவிய நான்காவது ரத்தப் பரிசோதனை ஆய்வின் முடிவுகளை வெளியிட்டார். ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளிலேயே பாதிக்கு மேல், 57 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே வந்திருந்தது. அதாவது பள்ளியை மூடியும் பிள்ளைகளைத் தொற்று தொடாமல் விடவில்லை. சின்னப் பிள்ளைகளின் உடல் இந்த வைரஸைப் பெரியவர்களை விட நன்றாகச் சமாளிக்கிறது, பள்ளிகளைத் திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் அன்றைக்கே வெளிப்படையாகச் சொன்னார். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நடந்தது நேர் எதிர். ஆகஸ்ட் 23-இல் தியேட்டர். செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நவம்பர் 1-இல்தான் ஒன்று முதல் எட்டு. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரி 16. நடுவில் ஒமைக்ரான் வந்ததால் ஜனவரியில் மறுபடியும் ஒரு மூடல். டென்மார்க் 2020 ஏப்ரல் 15-ஆம் தேதியே முதலில் மழலையர்களையும் தொடக்க வகுப்புகளையும் திறந்தது. சின்னவர்கள் வீட்டில் இருந்தால் பெற்றோர் வேலைக்குப் போக முடியாது, சின்னவர்களால் திரை வழியாகப் படிக்கவும் முடியாது என்பதுதான் அவர்கள் பார்த்த கணக்கு. யுனெஸ்கோவின் கணக்குப்படி இந்தியாவில் பள்ளிகள் முழுதாகவோ பாதியாகவோ மூடிக் கிடந்தது 80 வாரங்களுக்கு மேல். இவ்வளவு நீண்ட மூடலை உலகிலேயே மிகச் சில நாடுகள்தான் பார்த்தன.

ஏன் இங்கே தலைகீழாக நடந்தது? பெரிய பிள்ளைகள் முகக்கவசம் போடுவார்கள், தள்ளி உட்காருவார்கள், சின்னவர்கள் கேட்க மாட்டார்கள் என்றார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே இருந்து பார்த்த எனக்கு வேறு இரண்டு காரணங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

ஒன்று, பொதுத் தேர்வு. நம் கல்வித் துறை மூச்சு விடுவதே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைச் சுற்றித்தான். 2020-இல் பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்தியே தீருவது என்று தேதியை மாற்றி மாற்றி அறிவித்து, கடைசியில் ஜூன் 9 அன்று ரத்து செய்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் வைத்து எல்லோருக்கும் தேர்ச்சி. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் அதே மாதிரி ரத்தாகி, பழைய மதிப்பெண்களை வைத்து ஒரு சூத்திரம் போட்டார்கள். இந்த இரண்டு வருடமும் தொலைக்காட்சி விவாதம், நீதிமன்ற வழக்கு, அமைச்சர் பேட்டி எல்லாம் தேர்வைப் பற்றித்தான். அ, ஆ எழுதத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பொதுத் தேர்வும் இல்லை. அதனால் அவனுக்காக யாரும் அவசரப்படவில்லை.

இன்னொன்று, பழி. பள்ளியைத் திறந்து ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுநாள் செய்தித்தாளில் பள்ளியின் பெயர், தலைமையாசிரியர் பெயர், மாவட்ட அதிகாரி பெயர் எல்லாம் வரும். பள்ளியை மூடி வைத்து ஆயிரம் பிள்ளைகள் எழுத்தை மறந்துபோனால் எந்தப் பெயரும் வராது. நான் யாரையும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் நானும்கூடக் கையெழுத்துப் போடத் தயங்கியிருப்போம். ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுத்தது உங்கள் பிள்ளை.

பெற்றோரைக் கேட்டுத்தானே முடிவு எடுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். கேட்டார்கள், உண்மைதான். 2020 நவம்பர் 16-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறப்பதாக அறிவித்துவிட்டு, 9-ஆம் தேதி பள்ளிகளில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்ததால் திறப்பு தள்ளிப்போனது. ஜனவரியில் மறுபடியும் கேட்டார்கள். இரண்டு தடவையும் கேட்கப்பட்டது பெரிய வகுப்புப் பெற்றோரிடம். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பெற்றோரை அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெற்றோர் என்று ஒரே குரல் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் வைஃபை, பிள்ளைக்கென்று தனி லேப்டாப், உதவிக்குப் படித்த அம்மா அப்பா என்று இருந்தவர்களில் பலர் காத்திருக்கலாம் என்றார்கள். இணையத்தில் நடந்த கருத்துக் கணிப்புகளில் பதிவானது பெரும்பாலும் அவர்கள் குரல்தான். 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒருங்கிணைத்த ஒரு கள ஆய்வு, தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் ஏழைக் குடியிருப்புகளில் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டது. கிராமப்புறத்தில் ஒழுங்காக இணைய வழியில் படித்த பிள்ளைகள் நூற்றுக்கு எட்டுப் பேர். எதுவுமே படிக்காதவர்கள் 37 பேர். பள்ளியைத் திறக்க வேண்டும் என்று சொன்ன கிராமப்புறப் பெற்றோர் 97 சதவீதம். நீங்கள் அந்த 97-இல் ஒருவர். உங்களைப் போலப் பிடிவாதமாகக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். எண்ணிக்கையில் நீங்கள்தான் அதிகம், உங்கள் சத்தம் மேலே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மேலே போய்ச் சேர வழி இருந்த ஊர்களில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிகளை நடத்தும் குழுவை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே அரசுப் பள்ளிகள் ஒரு வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தபோது, அந்தக் குழு 44 பள்ளிகளின் பெயரை மாற்றுவதைப் பற்றி விவாதித்து 2021 ஜனவரியில் தீர்மானமும் போட்டது. கொதித்துப்போன பெற்றோர் கையெழுத்து வாங்கி, 2022 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி மூன்று உறுப்பினர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த ஊர் அரசியல் வேறு, நம் ஊர் வேறு. ஆனால் அங்கே கோபத்துக்குப் போக ஒரு கதவு இருந்தது. இங்கே பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

அந்த மாதங்களில் வீடுகளில் நடந்ததை நீங்களே பார்த்தவர். மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு நல்ல போன், அதை அப்பா காலையில் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். திரும்பி வந்து சார்ஜ் போட்டு, நெட் பேக் மிச்சம் இருந்தால் இரவு எட்டரை மணிக்கு அன்றைய பாடம். பிள்ளை தூக்கத்தில் சாய்ந்துகொண்டிருக்கும். கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் நன்றாகவே தயாரிக்கப்பட்டிருந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் திரையில் இருக்கும் டீச்சருக்கு இந்தப் பிள்ளை 'ழ'வைத் திருப்பிப் போட்டு எழுதுவது தெரியாது. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த வீட்டுப்பாட நோட்டுகளில் பல முழுக்க முழுக்க அம்மாவின் கையெழுத்து. எட்டாவதோடு நின்ற அம்மாக்கள், குழுவில் 'முடித்தாயிற்று' என்று போட்டோ அனுப்பியாக வேண்டுமே என்று, ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த நோட்டுகளில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒவ்வொன்றையும் திருத்தும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

சாப்பாட்டையும் மறக்கக் கூடாது. சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை இல்லாத வீட்டில் அந்த அரிசி எல்லோர் வயிற்றுக்கும்தான் போனது. பள்ளியில் பிள்ளைக்கென்றே கிடைத்த அந்த ஒரு வேளை, அது நின்றுபோனது.

தனியார் பள்ளிப் பெற்றோரின் கோபம் வேறு வகை. வகுப்பே நடக்காதபோது கட்டணம் எதற்கு என்ற கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் 75 சதவீதம் வரை, தவணையாக வாங்கலாம் என்றது. அடுத்த ஆண்டு, வருமானம் பாதிக்கப்படாதவர்களிடம் 85 சதவீதம், பாதிக்கப்பட்டவர்களிடம் 75 சதவீதம் என்றது. பள்ளிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் பாதிச் சம்பளத்திலும், சம்பளமே இல்லாமலும் அந்த வருடத்தைத் தள்ளினார்கள். கட்டணம் கட்ட முடியாத வீடுகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு வந்தன. நாடு முழுக்கவே அப்படித்தான்: கிராமப்புற அரசுப் பள்ளிகளில் படிப்போர் பங்கு 2018-இல் 65.6 சதவீதம், 2022-இல் 72.9 என்று, கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்கும் அசர் ஆய்வு சொல்கிறது.

சுழற்சி முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுதாக மூடியிருந்ததை விடப் பல பெற்றோரை அதிகம் அலைக்கழித்தது அதுதான். ஒரு வகுப்பறையில் இருபது பேர், பாதிப் பிள்ளைகள் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள். பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கட்டாயம். மூத்தவளுக்குத் திங்கள், புதன், வெள்ளி. இளையவனுக்குச் செவ்வாய், வியாழன், சனி. அம்மா நூறு நாள் வேலைக்கோ, கம்பெனிக்கோ ஒரு நாள்கூட முழுதாகப் போக முடியாது, ஏனென்றால் தினமும் ஒரு பிள்ளை வீட்டில். வேன் ஓட்டுபவர் பாதி நாளுக்குப் பாதிக் காசு வாங்க மாட்டார். எங்கள் பக்கத்தில், ஒரே பாடத்தை இரண்டு நாள் நடத்த வேண்டும், ஆக வாரத்தில் நகர்வது பாதித் தூரம். தனியார் பள்ளிகளில் இன்னொரு கூத்து: வகுப்பில் பாதிப் பேர், லேப்டாப்பில் பாதிப் பேர், இருவருக்கும் சேர்த்து ஒரே டீச்சர். போர்டைப் பார்த்துத் திரும்பினால் வீட்டில் இருப்பவனுக்குக் கேட்காது, லேப்டாப்பைப் பார்த்துப் பேசினால் முன்னால் இருப்பவன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பான். இரண்டு தரப்புக்குமே அது வகுப்பாக இல்லை.

எங்கள் சின்னவர்கள் வந்ததோ 2021 நவம்பர் 1, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். பண்டிகை முடிந்து வரட்டும் என்று பாதி வீடுகள் அனுப்பவில்லை. முடிந்ததும் அந்த வருடத்துப் பெருமழை. பல மாவட்டங்களில் நவம்பர் முழுக்க விடுமுறை அறிவிப்புகள்தான். ஆக உங்கள் மகனின் வயதுப் பிள்ளைகள் முதன்முதலாகப் பெரிய பள்ளி வாசலை மிதித்தபோதே இரண்டாம் வகுப்பு மாணவர்கள். ஒன்றாம் வகுப்பு என்று ஒன்று அவர்கள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. அந்த வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பென்சிலை முஷ்டியால் பிடித்தார்கள். கோட்டுக்குள் எழுத்தை நிறுத்தத் தெரியாது, ஒரு 'அ' பக்கம் முழுக்கப் படுத்திருக்கும். வரிசையில் நிற்க, இன்னொருவன் பேசி முடிக்கும் வரை பொறுக்க, மணியடித்தால் எழுந்து போக, எல்லாமே புதிது. மூன்றாம் வகுப்பில் 'இருநூற்று மூன்று' எழுதச் சொன்னால் 2003 என்று எழுதினார்கள். காதில் விழுந்தபடி 200, பக்கத்தில் 3. இடமதிப்பு என்பது குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியது. போனில் அது ஏறாது.

இதற்கு நடுவில் 'ஆல் பாஸ்'. பிள்ளையை அடுத்த வகுப்புக்கு அனுப்பியதை நான் எதிர்க்கவில்லை, நிறுத்தி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஆனால் பிள்ளை மேலே போனபோது பாடப் புத்தகமும் கூடவே மேலே போனது. இரண்டாம் வகுப்பில் இருப்பவனுக்கு ஒன்றாம் வகுப்பை நடத்த நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும், கொஞ்சம்தான் ஒதுக்கினோம்.

இப்போது உங்கள் மகனுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு கணக்கு. 2018-இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்து சதவீதம் அளவில் இருந்தார்கள் என்கிறது அசர். அதுவே சொற்பம். 2022-இல் ஐந்துக்கும் கீழே போனது. 2024-இல் பன்னிரண்டு வரை ஏறியது, இழப்பு சரியாகிவிட்டது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. கொஞ்சம் நின்று பாருங்கள். 2022-இல் மூன்றாம் வகுப்பில் இருந்தது உங்கள் மகனின் செட். 2024-இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் வேறு பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பை முழுதாகப் பள்ளியிலேயே படித்தவர்கள். மூன்றாம் வகுப்பு தேறிவிட்டது என்பதால் உங்கள் மகன் தேறிவிட்டான் என்று ஆகாது.

அவன் செட்டையே தொடர்ந்து கவனித்த ஆய்வும் உண்டு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ என்ற பொருளியலாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே ஊர்களில் 2019-இல் அதே வயதில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 2021 டிசம்பரில் பெரிய பள்ளம், மொழியை விடக் கணக்கில் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு, சாயங்காலம் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் அதிகம் பயன்பெற்றார்கள். அந்தப் பெண்களுக்கு இந்த மாநிலம் போதுமான நன்றி சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இதில் உங்களுக்கு இரண்டு செய்தி இருக்கிறது. பிள்ளைகள் சீக்கிரம் மீள்கிறார்கள், ஆகவே கை விட வேண்டாம். அந்த ஆறு மாதத்தில் மீளாத மூன்றில் ஒரு பங்கு சில பிள்ளைகளிடம் தானாகச் சரியாகாமல் அப்படியே தங்கிவிட்டது, ஆகவே போகப் போக வந்துவிடும் என்று விடவும் வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம். முதலில் அவன் எங்கே நிற்கிறான் என்று வீட்டிலேயே பாருங்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை ஓரமாக வையுங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கி ஒரு பத்தி சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடையில்லாமல் படித்தால் மூன்றாம் வகுப்பு, பிறகு நான்காம் வகுப்பு. எங்கே ஒவ்வொரு சொல்லிலும் நிற்க ஆரம்பிக்கிறானோ அதுதான் அவன் இடம். அங்கிருந்து தினமும் இருபது நிமிடம், சத்தமாக, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து. தப்பாகப் படித்தால் சொல்லை நீங்கள் சொல்லிவிட்டு மேலே போகவிடுங்கள். திட்டி நிறுத்தினால் படிப்பதையே ஒளிக்க ஆரம்பிப்பான். தம்பி, தங்கை யாராவது இருந்தால் அவர்களுக்குக் கதை படித்துக் காட்டச் சொல்லுங்கள். பதினொரு வயதுப் பையனுக்குச் சின்னப் புத்தகம் படிக்கும் வெட்கம் அதில் போய்விடும்.

கணக்கில், வகுத்தல் வரவில்லை என்றால் பெரும்பாலும் சிக்கல் வகுத்தலில் இருக்காது. 'இருநூற்று மூன்று', 'ஆயிரத்து நாற்பது' எழுதச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்று, 302-இலிருந்து 147 என்பது போல, கொடுங்கள். வாய்ப்பாட்டில் ஏழும் எட்டும் கேளுங்கள். இந்த மூன்றில் எது உடைகிறதோ அங்கே திரும்பிப் போக வேண்டும். மளிகைக்கடைக் கணக்கை, சில்லறை வாங்கி வருவதை அவனிடமே விடுங்கள். பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டை விட நல்ல இடமதிப்புப் பாடம் கிடையாது.

பள்ளியில், வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். 2025-26 முதல் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் திறன் குறைந்த பிள்ளைகளுக்கென்றே அரசுப் பள்ளிகளில் 'திறன்' என்ற திட்டம் நடக்கிறது. அதற்கான அடிப்படை மதிப்பீட்டில் உங்கள் மகன் எந்த நிலையில் இருந்தான், அந்தத் தனி வகுப்பில் இருக்கிறானா, தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலுமா என்று கேளுங்கள். சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் வந்தபோது அவன் மூன்றாம் வகுப்பு, அதில் எந்த நிலை வரை வந்தான் என்று பழைய தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு நினைவிருக்கலாம், அவரையும் ஒரு தடவை பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பெற்றோர் வந்து இப்படிக் குறிப்பாகக் கேட்டால் எங்களுக்கும் அந்தப் பிள்ளை மேல் ஒரு கண் விழும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவரும் பெரும்பான்மை உறுப்பினர்களும் பெற்றோர்தான். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். கட்டடம், கழிவறை, சுற்றுச்சுவர் பேசி முடித்த பிறகு, எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்ற கேள்வியைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மழைக்கோ, வெயிலுக்கோ, தொற்றுக்கோ மறுபடியும் நீண்ட விடுமுறை வந்தால் எந்த வகுப்பு முதலில் திரும்பி வர வேண்டும் என்பதையும் இப்போதே பேசி எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் இரண்டும் முதலில் என்று எழுதுங்கள்.

வீட்டில் தொடங்கிய பிறகு மூன்று மாதம் கழித்து அதே பத்தியை, அதே கழித்தல் கணக்கை மறுபடியும் கொடுத்துப் பாருங்கள். வாசிப்பில் ஒரு வகுப்பு அளவுக்காவது ஏறியிருந்தால் அதே வழியில் தொடருங்கள். அசையவே இல்லை என்றால் கண் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள், பிறகு வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். எல்லாத் தடுமாற்றமும் கொரோனாவால் வந்தது என்று நாமாக முடிவு செய்துவிட்டால், பார்வைக் குறையோ வாசிப்புக் குறைபாடோ இருந்தாலும் தெரியாமல் போய்விடும். அப்படி எங்கள் பள்ளியிலேயே ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் வகுப்பில்தான் கண்ணாடி தேவை என்று கண்டுபிடித்தோம்.